பழைய கணினி விளையாட்டுகளின் மிடி இசைக்குப் புது வாத்தியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே விளையாட்டின் இசை ஒவ்வொரு கணினியிலும் ஏன் வேறு வேறாகக் கேட்கிறது?

மிடி கோப்பில் ஒலி கிடையாது. எந்தச் சேனலில், எந்த வாத்தியம், எந்தச் சுரத்தை, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். கர்நாடகக் கீர்த்தனையின் சுரக்குறிப்பு போலத்தான். அதை வாசிப்பவர் மாறினால் கேட்பதும் மாறும்.

1987-இல் வந்த ஆட்லிப் அட்டையில் யமஹாவின் ஓபிஎல்2 சில்லு இருந்தது. அது 9 குரல்களை (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய தனித்தனி ஒலிகளை) எஃப்எம் முறையில், அதாவது ஓர் அலையால் மற்றோர் அலையை மாற்றி, செயற்கையாக உருவாக்கியது. அதே ஆண்டு வந்த ரோலண்ட் எம்டி-32 உண்மையான வாத்தியங்களின் தொடக்கத் துணுக்குகளைச் செயற்கை ஒலியோடு கலந்தது. 1991-இல் ஜெனரல் மிடி தரம் வந்து 128 வாத்தியங்களுக்கு எண் கொடுத்தது. அதே ஆண்டு வந்த ரோலண்ட் எஸ்சி-55 தொண்ணூறுகளின் விளையாட்டு இசைக்கு நடைமுறை அளவுகோலானது. விண்டோஸில் கூடவே வரும் மிடி ஒலி, சுமார் 3.4 எம்பி அளவுள்ள ஒரு சாம்பிள் (பதிவுசெய்த வாத்திய ஒலித் துணுக்கு) தொகுப்பு. ரோலண்டிடமிருந்தே உரிமம் பெற்றதுதான், ஆனால் மிகவும் சுருக்கப்பட்டது. அதைக் கேட்டுவிட்டு விளையாட்டின் இசையே மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சவுண்ட்ஃபான்ட் என்றால் என்ன?

வாத்திய சாம்பிள்களும், எந்தச் சுரத்துக்கு எந்தச் சாம்பிளை எப்படி ஒலிக்க வேண்டும் என்ற விதிகளும் ஒன்றாகச் சேர்ந்த கோப்பு. ஈ-மியூ, கிரியேட்டிவ் நிறுவனங்கள் 1994-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 அட்டைக்காக இதைக் கொண்டுவந்தன. இன்று புழங்குவது எஸ்எஃப்2 வடிவம். எஸ்எஃப்3 என்பது அதே கோப்பின் சாம்பிள்களை ஓக் முறையில் சுருக்கியது. எல்லா நிரல்களும் அதைத் திறக்காது. எஸ்எஃப்இசட் வேறொரு வடிவம். பெயர் ஒத்திருக்கிறதே என்று டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் நிரல்) அதைக் கொடுத்தால் இசை வராது.

எந்த விளையாட்டுகளுக்கு இது உதவும்?

அமைப்புத் திரையில் "ஜெனரல் மிடி", "சவுண்ட் கேன்வாஸ்" (எஸ்சி-55-இன் வரிசைப் பெயர்) என்ற தேர்வு இருந்தால் உதவும். டூம் (1993), டிசென்ட், வார்கிராஃப்ட் 2 (இரண்டும் 1995), டியூக் நுகெம் 3டி (1996) எல்லாம் இந்த வகை. ஆட்லிப் மட்டுமே உள்ள விளையாட்டுக்கு உதவாது, அது மிடி சாதனத்தை அழைப்பதே இல்லை. இசை சிடி தடங்களாக இருந்தாலும் அப்படியே.

எம்டி-32 விளையாட்டுகளைத் தனியாகப் பிரித்துவையுங்கள். கிங்ஸ் குவெஸ்ட் 4 (1988), மங்கி ஐலண்ட் 2 (1991) போன்றவை தொடங்கும்போதே தங்களுக்கென்று செய்த ஒலிகளை எம்டி-32-இன் நினைவகத்துக்கு அனுப்பும். எந்தச் சவுண்ட்ஃபான்டும் அந்தத் தகவலைக் கண்டுகொள்ளாது. மேலும் எம்டி-32-இன் வாத்திய வரிசை ஜெனரல் மிடியின் வரிசை அல்ல. ஃபான்டில் ஓடவிட்டால் குழல் வர வேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத ஏதோ வரும். இவற்றுக்கு மண்ட் என்ற எம்டி-32 போலிப்பான் (அந்தக் கருவியைப் போலவே நடிக்கும் நிரல்) வேண்டும். அதற்கு 64 கேபி கட்டுப்பாட்டு ரோம், 512 கேபி சாம்பிள் ரோம் (அசல் கருவியின் நிலைநினைவகத்திலிருந்து எடுத்த கோப்புகள்) இரண்டும் தேவை. ஸ்கம்விஎம் (பழைய சாகச விளையாட்டுகளை ஓட்டும் நிரல்), டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் (டாஸ்பாக்ஸின் புதிய கிளை) இரண்டிலும் மண்ட் உள்ளேயே இருக்கிறது.

எந்த ஃபான்டில் தொடங்கலாம்?

ஜெனரல்யூசர் ஜிஎஸ். சுமார் 30 எம்பிதான். ஆனால் 128 வாத்தியங்களும் ஒன்றோடொன்று ஒத்த அளவில் ஒலிக்கும்படி பார்த்துப் பார்த்துச் செய்தது. ஜிஎஸ் (ஜெனரல் மிடியை விரித்து ரோலண்ட் செய்த தரம்) மாற்று ஒலிகளும் இருக்கின்றன. ஃப்ளூயிட்ஆர்3 சுமார் 140 எம்பி. அதன் தந்தி வாத்தியங்கள் இனிமையானவை. அரக்னோவும் ஏறக்குறைய அதே அளவு. ராக் சாயல் உள்ள விளையாட்டுகளுக்கு அதன் கிட்டாரும் டிரம்ஸும் பொருந்தும்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, கிடைப்பதிலேயே பெரிய ஃபான்டை இறக்குவது. 1 ஜிபி ஃபான்டில் 700 எம்பியைப் பியானோவே தின்றிருக்கும். விளையாட்டிலோ பியானோ ஒரே ஒரு பாட்டில்தான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் சமநிலை. இசையமைப்பாளர் எஸ்சி-55-ஐக் காதில் கேட்டபடி ஒவ்வொரு சேனலின் ஒலியளவையும் வைத்திருப்பார். பத்து இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த ஃபான்டில் டிரம்பெட் அலறும், பேஸ் காணாமல் போகும். சமநிலையான சிறிய ஃபான்டை அடித்தளமாக வைத்துக்கொண்டு, குறையாகப் படும் வாத்தியத்தை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாமே இந்த ஒரு வழிமுறையின் விரிவுதான்.

அதை விளையாட்டில் எப்படி இணைப்பது?

டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்: அமைப்புக் கோப்பின் மிடி பகுதியில் சாதனமாக ஃப்ளூயிட்சிந்த் (ஃபான்டை வைத்து மிடியை வாசிக்கும் இயக்கி) என்று எழுதுங்கள். ஃபான்டை அமைப்புக் கோப்புறைக்குள் உள்ள சவுண்ட்ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட்டு, ஃப்ளூயிட்சிந்த் பகுதியில் அதன் பெயரைக் கொடுங்கள். பிறகு விளையாட்டின் சொந்த அமைப்பு நிரலை ஓட்டி, இசைக்கு ஜெனரல் மிடி, முகவரி 330 என்று தேர்ந்தெடுங்கள். துப்பாக்கிச் சத்தம் போன்றவற்றுக்கு சவுண்ட் பிளாஸ்டரே இருக்கட்டும்.

பழைய டாஸ்பாக்ஸ் 0.74: இதில் உள்ளே மிடி இயக்கி இல்லை. குறிப்புகளை இயங்குதளத்துக்குத் தள்ளிவிடும். விண்டோஸில் விர்ச்சுவல்மிடிசிந்த் நிறுவி, அதில் ஃபான்டை ஏற்றி, டாஸ்பாக்ஸின் கட்டளைத் திரையில் மிக்சர் கட்டளையை லிஸ்ட்மிடி என்ற தேர்வோடு ஓட்டினால் சாதன எண்கள் தெரியும். அந்த எண்ணை மிடி பகுதியில் எழுதுங்கள்.

ஸ்கம்விஎம்: ஆடியோ தாவலில் விருப்பச் சாதனம் ஃப்ளூயிட்சிந்த். மிடி தாவலில் உள்ள சவுண்ட்ஃபான்ட் பொத்தானில் கோப்பு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி அமைப்பு வைக்கலாம். பொது அமைப்பை மாற்றியும் ஒலி மாறவில்லை என்றால் அந்த விளையாட்டின் தனி அமைப்பு மேலேறி நிற்கிறது என்று பொருள்.

ஜீஸெட்டூம் (டூமை இன்றைய கணினியில் ஓட்டும் நிரல்): ஃபான்டை அதன் சவுண்ட்ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட்டு, ஒலி அமைப்பில் மிடி சாதனமாக ஃப்ளூயிட்சிந்தைத் தேர்ந்தெடுங்கள். இதில் ஓர் அருமையான வசதி உண்டு: எஸ்என்டிஇன்ஃபோ என்ற ஒலி அமைப்புக் கோப்பில் மிடிடிவைஸ் கட்டளை மூலம் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகச் சாதனத்தையும் ஃபான்டையும் குறிக்கலாம்.

ஃபான்டை மாற்றினேன், இசை அப்படியே இருக்கிறதே?

பெரும்பாலும் விளையாட்டின் அமைப்பு நிரலில் இசைச் சாதனம் இன்னும் சவுண்ட் பிளாஸ்டராகவே இருக்கும். அதாவது நீங்கள் கேட்பது எஃப்எம் சில்லு. "பீங்... பாங்" என்ற உலோகச் சாயல் இருந்தால் அதுதான். விண்டோஸ் விளையாட்டு என்றால் வேறு காரணம்: அவை கணினியின் இயல்பு மிடி சாதனத்தை அழைக்கும், அதை மாற்றும் திரையை விண்டோஸின் புதிய பதிப்புகள் எடுத்துவிட்டன. கூல்சாஃப்ட் மிடிமேப்பர் நிறுவினால் அந்தத் தேர்வு திரும்பக் கிடைக்கும்.

எந்த வாத்தியத்தை மாற்ற வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊகிக்க வேண்டாம், கோப்பைத் திறந்து பாருங்கள். டூம் என்றால் ஸ்லேட் என்ற நிரல் அதன் எம்யூஎஸ் வடிவப் பாட்டுகளை மிடியாக மாற்றித் தரும். மற்ற டாஸ் விளையாட்டுகளுக்கு, பாட்டு ஓடும்போது டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; மீண்டும் அழுத்தினால் பதிவு நின்று, கேப்சர் கோப்புறையில் மிடி கோப்பு கிடைக்கும். அதை ஏதாவது மிடி தொகுப்பானில் திறந்தால் எந்தச் சேனலில் எந்த எண் என்று தெரியும். சேனல்களை ஒவ்வொன்றாக ஊமையாக்கிக் கேளுங்கள். உறுத்துவது எது என்று ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜெனரல் மிடி பட்டியல் 1 முதல் 128 வரை. ஃபான்ட் தொகுப்பான்கள் 0 முதல் 127 வரை. பட்டியலில் 31 ஆக உள்ள டிஸ்டார்ஷன் கிட்டார் தொகுப்பானில் 30. பட்டியலில் 49 ஆக உள்ள தந்திக் குழு தொகுப்பானில் 48. மாற்றிய வாத்தியம் பக்கத்து வாத்தியத்தின் இடத்தில் ஒலித்தால் காரணம் இதுதான்.

என் சொந்தச் சாம்பிள்களை எப்படிப் பதிவு செய்வது?

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. எஸ்எஃப்2-இல் ஸ்டீரியோ என்பது இரண்டு மோனோ சாம்பிள்களின் இணைப்பு, எனவே அது ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு குரல்களைச் செலவழிக்கும். பியானோ, கூட்டுத் தந்தி தவிர மற்றவற்றுக்கு மோனோ போதும்.

எல்லாச் சுரத்தையும் பதிய வேண்டியதில்லை. மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு சாம்பிள் வைத்தால், எந்தச் சாம்பிளும் மேலேயோ கீழேயோ ஒரு அரைச்சுரம்தான் நகரும். நான்கு ஸ்தாயிக்கு 16 சாம்பிள். ஒவ்வொன்றும் 3 வினாடி என்றால் மொத்தம் சுமார் 4.2 எம்பி. ஒரே சாம்பிளை ஒரு ஸ்தாயி முழுக்க இழுத்தால் மேலே போகும்போது பொம்மைச் சத்தமாகவும், கீழே வரும்போது மந்தமாகவும் மாறும், ஏனென்றால் சுருதியோடு சேர்ந்து வாத்தியத்தின் உடல் அதிர்வும் நகர்கிறது.

அறையின் எதிரொலி பதிவில் வரக் கூடாது. விளையாட்டே 91-ஆம் மிடி கட்டுப்பாட்டுக் கட்டளை மூலம் எதிரொலி அளவை அனுப்பும். சாம்பிளிலும் எதிரொலி இருந்தால் இரண்டும் குவிந்து சேறாகும். அதிர்வும் (வைப்ராட்டோ) அளவோடு இருக்கட்டும். சாம்பிளின் சுருதி உயர்ந்தால் அதிர்வின் வேகமும் சேர்ந்து உயரும். அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் இரண்டு வேகத்தில் நடுங்குவது காதுக்கு உடனே தெரியும்.

அழுத்த அடுக்குகள் (மெல்ல வாசித்தால் ஒரு சாம்பிள், உரக்க வாசித்தால் வேறொன்று) வைப்பதென்றால், 127 வரையுள்ள அழுத்த எண்களில் நடுவான 64-இல் பிரிக்காதீர்கள். விளையாட்டு இசையில் பெரும்பாலான சுரங்கள் உயர்ந்த அழுத்தத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்; 64-இல் பிரித்தால் மென்மையான அடுக்கு ஒலிக்கவே ஒலிக்காது. கையிலுள்ள மிடியின் எண்களைப் பார்த்துவிட்டு 95-க்கு அருகில் எங்காவது பிரியுங்கள்.

பாலிஃபோனில் ஒரு வாத்தியத்தைச் சேர்க்கும் படிகள்?

பாலிஃபோன் இலவச ஃபான்ட் தொகுப்பான். முதலில் அடித்தள ஃபான்டின் நகலைத் திறங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். வேவ் கோப்புகளை இழுத்துச் சாம்பிள்கள் பகுதியில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மூலச் சுரத்தைக் குறிக்கவும். 60 என்பது நடு சி. புது இன்ஸ்ட்ருமென்ட் உருவாக்கி, சாம்பிள்களை அதில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் சுர எல்லை கொடுக்கவும்: மூலச் சுரம் 60 என்றால் 59 முதல் 61 வரை. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அந்தச் சுரத்தில் இரண்டு சாம்பிளும் சேர்ந்து ஒலிக்கும். இடைவெளி விட்டால் அந்தச் சுரம் மௌனம். கடைசியாக, மாற்ற வேண்டிய பிரீசெட்டை (மிடி எண்ணால் அழைக்கப்படும் வாத்தியப் பதிவை) திறந்து பழைய இன்ஸ்ட்ருமென்டை நீக்கி இதை வைக்கவும். பிரீசெட்டை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தால் பேங்க் (வாத்தியத் தொகுதி) 0, சரியான நிரல் எண் (வாத்திய எண்) இரண்டையும் கையால் கொடுக்க வேண்டியிருக்கும். பலர் அங்கேதான் தவறுகிறார்கள். பெயர்கள் 20 எழுத்துக்குள், ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

நீண்ட சுரம் "டிக் டிக்" என்று துடிக்கிறது. லூப்பை எப்படிச் சரிசெய்வது?

லூப் என்பது சுரம் நீளும்போது சாம்பிளில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பகுதி. அதன் தொடக்கமும் முடிவும் அலையின் ஒரே நிலையில், ஒரே திசையில் பூச்சியத்தைக் கடக்கும் இடமாக இருக்க வேண்டும். பூச்சியத்தைத் தொட்டால் போதாது. ஒன்று ஏறும்போதும் மற்றொன்று இறங்கும்போதும் என்றால் டிக் சத்தம் வரும். பாலிஃபோனிலேயே தானாக லூப் தேடும் கருவி இருக்கிறது, தொடக்கத்துக்கு அது நன்று.

ஒரே ஓர் அலைச்சுழற்சியை லூப் செய்தால் வேறொரு தொல்லை. 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒரு சுழற்சி 44.1 கிலோஹெர்ட்ஸில் 100.2 புள்ளிகள். லூப்பை 100 புள்ளியில் முடித்தால் சுருதி 441 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், அதாவது கிட்டத்தட்ட 4 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏற்றம். சுரம் தொடங்கும்போது சரியாக இருந்து, லூப்புக்குள் போனதும் சுருதி விலகும். ஐந்து சுழற்சிகளை 501 புள்ளியில் முடித்தால் விலகல் அரை சென்டுக்கும் கீழே. தந்திக் குழுவுக்கு இதெல்லாம் போதாது. ஒரு வினாடிக்குக் குறையாத லூப்பும், சந்திப்பில் குறுக்குக் கலப்பும் (முடிவும் தொடக்கமும் ஒன்றில் ஒன்று கரைவது) வேண்டும்.

வேகமான பாட்டில் என் வயலின்கள் காணாமல் போகின்றன. ஏன்?

அட்டாக் நேரம். நிமிடத்துக்கு 120 தாளம் என்ற வேகத்தில் ஒரு பதினாறாம் சுரம் 0.125 வினாடி. உங்கள் வயலின் முழு அளவை எட்ட 0.3 வினாடி எடுத்தால், அது எழும்பும் முன்பே அடுத்த சுரம் வந்துவிடும். தனியாக வாசித்துப் பார்க்கும்போது உருக்கமாக இருந்த அதே சாம்பிள் பாட்டில் அமுங்கிப் போவது இதனால்தான். சாம்பிளின் தொடக்கத்தில் உள்ள மௌனத்தை முழுதும் வெட்டி, அட்டாக்கை 0.03 வினாடிக்குள் கொண்டுவாருங்கள்.

ரிலீஸ் (சுரத்தை விட்டபின் ஒலி அடங்கும் நேரம்) இதற்கு நேர் எதிர். எஸ்எஃப்2-இன் இயல்பு மதிப்பு 0.001 வினாடி, அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு சுரமும் கத்தியால் வெட்டியது போல் நிற்கும். தந்திக்கு 0.3 வினாடி, பித்தளைக்கு 0.15, பறித்து வாசிக்கும் கிட்டாருக்கு 0.2 என்று தொடங்கிக் காதால் திருத்துங்கள்.

ஒலியளவை மற்ற வாத்தியங்களோடு எப்படிப் பொருத்துவது?

மாற்றும் முன் பழைய வாத்தியத்தோடு ஒரு பாட்டை வேவ் கோப்பாக எடுத்துவையுங்கள். மாற்றிய பின் அதே பாட்டை எடுத்து, அந்தச் சேனலை மட்டும் ஒலிக்கவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபாட்டைச் சாம்பிளைத் தொடாமல் அட்டெனுவேஷன் (ஒலிக்குறைப்பு) மதிப்பால் சரிசெய்யுங்கள்.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு வரலாறு இருக்கிறது. ஈ-மியூ வன்பொருள், ஃபான்டில் 10 டெசிபெல் குறை என்றால் உண்மையில் 4 டெசிபெல்தான் குறைத்தது. பழைய ஃபான்டுகள் அந்த வன்பொருளில் கேட்டுச் செய்யப்பட்டவை என்பதால் ஃப்ளூயிட்சிந்தும் அதே 0.4 பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. விதிப்படி முழு 10 டெசிபெல்லும் குறைக்கும் நிரல்களும் உண்டு. ஆகவே ஒரு நிரலில் அழகாகச் சமன்செய்த ஃபான்ட் மற்றொன்றில் தடுமாறும். எதில் விளையாடப் போகிறீர்களோ அதிலேயே கேட்டுச் சமன்செய்யுங்கள்.

டிரம்ஸுக்குத் தனி விதி உண்டா?

உண்டு. ஜெனரல் மிடியில் 10-ஆம் சேனல் முழுக்கத் தாளம். ஃபான்டில் அது பேங்க் 128. ஒவ்வொரு சுரமும் ஒரு தனிக் கருவி: 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹேட், 44 காலால் மூடும் ஹைஹேட், 46 திறந்த ஹைஹேட். இந்தக் கடைசி மூன்றுக்கும் ஒரே எக்ஸ்க்ளூசிவ் கிளாஸ் எண் கொடுக்க வேண்டும், அப்போதுதான் மூடிய ஹைஹேட் விழும்போது திறந்ததன் ஓசை அறுபடும். கொடுக்காவிட்டால் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சீறிக்கொண்டே இருக்கும். டிரம் சாம்பிளுக்கு லூப் வேண்டாம். ரிலீஸை மட்டும் சாம்பிளின் நீளத்துக்கு நீட்டுங்கள், ஏனெனில் மிடியில் தாளச் சுரங்கள் மிகக் குறுகியவை.

சில இடங்களில் ஒரு வாத்தியம் மட்டும் மௌனமாகிறது அல்லது தவறாக ஒலிக்கிறது.

எஸ்சி-55-க்காக எழுதிய இசை சில சமயம் ஜிஎஸ் மாற்று ஒலியைக் கேட்கும்: அதே நிரல் எண், ஆனால் வேறு பேங்க். ஃபான்டில் அந்தப் பேங்க் இல்லாவிட்டால் ஃப்ளூயிட்சிந்த் பேங்க் 0-க்குத் திரும்பிவிடும்; எல்லா நிரல்களும் அப்படிச் செய்வதில்லை. கேட்கும் பேங்கில் அதே இன்ஸ்ட்ருமென்டை வைத்து ஒரு பிரீசெட் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

உரத்த இடங்களில் ஒலி உடைகிறது.

கெயினை (மொத்த ஒலிப் பெருக்கத்தை) குறையுங்கள். ஃப்ளூயிட்சிந்தின் சொந்த இயல்பு மதிப்பு 0.2, யாரோ சொன்னார்கள் என்று 1.0 வைத்தால் பத்துச் சுரம் சேரும்போது உடையும். உடைவதற்குப் பதில் சுரங்கள் விட்டுப்போனால் அது குரல் எண்ணிக்கை: இயல்பு வரம்பு 256. அடுக்கடுக்கான ஸ்டீரியோ ஃபான்டில் ஒரு சுரமே நான்கு, ஆறு குரல்களைத் தின்றுவிடும். விட்டு விட்டு விக்கினால் ஒலி இடையகத்தை (பஃபர்) பெரிதாக்குங்கள். பின்னணி இசைக்குச் சில மில்லிவினாடி தாமதம் யாருக்கும் தெரியாது.

அசல் ஏடபிள்யூஇ32 அட்டையில் இந்த ஃபான்டை ஏற்றலாமா?

அளவு இடம் கொடுத்தால் ஏற்றலாம். அட்டையில் 512 கேபி நினைவகம்தான் இருக்கும். சிம் எனும் நினைவகப் பலகைகளைச் செருகி 28 எம்பி வரை கூட்டலாம். குரல்கள் மொத்தம் 32. அதற்கான ஃபான்டில் சாம்பிள்களை 22 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, லூப்புக்குப் பிந்தைய பகுதியை வெட்டி, ஸ்டீரியோவை மோனோவாக்குங்கள்.

செய்த ஃபான்டைப் பிறருக்குக் கொடுக்கலாமா?

சொந்தப் பதிவு என்றால் தாராளமாக. அடித்தள ஃபான்டின் உரிமம் மாற்றிப் பகிர அனுமதிக்கிறதா என்று அதனுடன் வரும் உரைக் கோப்பில் பாருங்கள். விலைகொடுத்து வாங்கிய சாம்பிள் தொகுப்புகளில் பெரும்பாலானவை பாட்டில் பயன்படுத்த விடும், சாம்பிளாகவே மறுபடி வெளியிட விடாது. சவுண்ட்ஃபான்டில் வைப்பது சாம்பிளாக வெளியிடுவதுதான். ரோலண்டின் ரோம்களையும் அப்படியே பகிரக் கூடாது. பகிரும்போது எந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது, எந்த நிரலில் கேட்டுச் சமன்செய்தீர்கள், கெயின் எவ்வளவு வைத்தீர்கள் என்று ஓர் உரைக் கோப்பில் எழுதி உடன் வையுங்கள்.